தவழும் பாப்பாவின் இருபத்துமூன்றாம் அடுக்கு

இருபத்துமூன்றாம் அடுக்குக்கு நான் பசை போட்டேனா, இல்லையா?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. போட்டேன் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. போடவில்லை என்று நினைக்கவும் காரணம் இருக்கிறது. பிளாஸ்டிக் பிரிக்குகளை அடுக்கி ஆள் உயரப் பொம்மைகள் கட்டுவது என் வேலை. குழந்தைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்தி வீடு கட்டி விளையாடும் அதே சின்ன பிரிக்தான். இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவலாம். வேறு வேலையில் இருந்தாலும், செய்து முடித்ததையே திரும்பத் திரும்ப நினைத்துக் கலங்குகிறவர்களுக்கும் உதவலாம். நான் இரண்டாவது வகை. அதனால் முதல் வகைக்குச் சரியாகச் சொல்கிறேனா என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான்.

1. முதல் நாள்

ஆந்திர எல்லையில், சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என் பிறந்த ஊர். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தேன். புத்தூரில் வாழ்க்கைப்பட்டேன். மகள் ஹாசினி பிறந்த பிறகு மூன்று வருடம் வீட்டில் இருந்தேன். அவளைப் பிளே ஸ்கூலில் சேர்த்த மாதம் இந்த வேலை கிடைத்தது. காலையில் புத்தூரில் ரயில் ஏறி ரேணிகுண்டாவில் இறங்கி, திருப்பதி போகும் ஷேர் ஆட்டோவில் பாதி வழியில் இறங்கினால் எங்கள் ஷெட். தகரக் கூரை, ஒன்பது பேர், சுவர் முழுக்க நிறம் வாரியாகப் பிரிக் நிரம்பிய டப்பாக்கள்.

முதலாளி மோகன் சார் சித்தூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். அன்று இரண்டு பிரிக்கை ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்தி என் கையில் கொடுத்தார்.

"பிரிம்மா."

பிரித்தேன்.

வேறு இரண்டை எடுத்தார். ஊசி முனை பாட்டிலால் பசையை மெல்லிய கோடாக விட்டு அழுத்தினார். ஐந்து நிமிடம் வேறு ஏதோ பேசிவிட்டு அதைக் கொடுத்தார்.

"இப்ப பிரி."

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

"கடையில விக்கிற கோந்து மாதிரி இது ஒட்டாதும்மா. ரெண்டு பிளாஸ்டிக்கையும் கொஞ்சம் உருக்கி ஒண்ணாக்கிடும். அப்பால அது ரெண்டு பிரிக் இல்ல, ஒண்ணு. தப்பா போட்டா உடைக்கணும். அவ்ளோதான்."

"தப்பா போட்டுட்டோம்னு எப்ப சார் தெரியும்?"

"ஏம்மா, முதல் நாளே தப்பைப் பத்தியா கேக்கற?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

2. பாப்பாவின் கன்னம்

வேலையில் சேர்ந்து ஏழு மாதம் கழித்து அந்த ஆர்டர் வந்தது. சித்தூரில் புதிதாகத் திறக்கவிருந்த ஒரு ஜவுளிக்கடைக்கு, வாசலில் வைக்க ஒரு பெரிய பொம்மை. திருமலைக் கடைகளில் சாவி கொடுத்தால் தவழ்ந்து போகும் பாப்பா பொம்மை விற்பார்களே, அதுதான் வேண்டும் என்றார் கடைக்காரர். மலைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒன்று வாங்கி வருவார்கள். நான்கு நாளில் சாவி உடைந்து, பாப்பா மட்டும் வீட்டில் கிடக்கும். அந்தப் பாப்பா பத்தடி நீளத்தில், தலையைத் தூக்கிப் பார்த்தபடி வேண்டும்.

வேலை முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் பொம்மையை வரைந்து, அதைப் படுக்கைவாட்டில் அடுக்கடுக்காகப் பிரித்து, அடுக்குக்கு ஒரு தாள் பிரின்ட் எடுப்பார்கள். ஒரு அடுக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பாப்பாவின் தலைக்கு மட்டும் தொண்ணூற்றிரண்டு அடுக்கு. உள்ளே முழுவதும் நிரப்பமாட்டோம். சுற்றிச் சுவர், நடுவில் குறுக்குச் சட்டங்கள், மற்றபடி காலி. கொத்தனார் செங்கல் வைப்பது போல, கீழ் இணைப்பின் மேல் மேல் இணைப்பு வராமல் மாற்றி மாற்றி வைக்கவேண்டும்.

ஒவ்வொரு அடுக்கையும் முதலில் பசை இல்லாமல் அடுக்குவோம். அதற்கு 'டிரை' என்று பெயர். தாளோடு ஒப்பிட்டு, அடுக்கு எண் எழுதிய சீட்டை வைத்து ஒரு போட்டோ எடுப்போம். பிறகு நான்கு நான்கு பிரிக்காகக் கழற்றி, பசை விட்டு, அதே இடத்தில் வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டுவோம். பசைக்கோடு பளபளக்கும்போது இன்னொரு போட்டோ. முடிந்த பிறகு பார்த்தால் டிரை அடுக்குக்கும் பசை போட்ட அடுக்குக்கும் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலை வேலை எனக்கும் தனம் அக்காவுக்கும் வந்தது. தனம் அக்கா நகரிக்காரர். முன்பு தறியில் வேலை பார்த்தவர். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

ஆரம்பத்திலேயே ஒரு சிக்கல். கம்ப்யூட்டரில் அழகாக இருந்த கன்னம், மாதிரிக்கு ஒரு பக்கம் கட்டிப் பார்த்தபோது தொங்கிப்போய்க் கிடந்தது.

"இன்னாமே இது, பென்ஷன் வாங்கற ஆள் மாதிரி கீறான்" என்றார் அக்கா.

எனக்குக் காரணம் தெரிந்துகொள்ள ஆசை. வீட்டுக்குப் போய் ஹாசினியைத் தவழச் சொன்னேன்.

"நான் பாப்பா இல்ல. நான் எல்கேஜி போப்போறேன்."

ஒரு பிஸ்கட் கொடுத்ததும் தவழ்ந்தாள். ஸ்கேலை வைத்துக்கொண்டு பக்கத்தில் நானும் முட்டி போட்டு நகர்ந்தேன். தவழும்போது குழந்தை தலையைத் தூக்கும். அப்போது கன்னம் கீழே தொங்காது, பக்கவாட்டில் விரியும். கழுத்து மறைந்தே போகும். முகவாய் முன்னால் நீட்டிக்கொண்டு வரும். மறுநாள் இதைச் சொன்னதும் கம்ப்யூட்டரில் கன்னத்தை மேலேற்றினார்கள். முகவாயை இன்னும் முன்னால் தள்ளினார்கள்.

அழகு வந்தது. கூடவே ஒரு பாரமும் வந்தது. உடம்புக்குள்ளிருந்து வரும் இரும்புக் குழாய் கழுத்து வழியாகத் தலைக்குள் நுழைந்து, நாற்பதாம் அடுக்கில் ஒரு இரும்பு பிளேட்டில் முடியும். தலையின் எடையைத் தாங்குவது அந்த பிளேட். அதற்கு மேலே இருப்பதெல்லாம் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். கீழே இருக்கிற வாயும் முகவாயும் அதிலிருந்து தொங்கும். அவற்றுக்குக் கீழே எந்தத் தாங்கலும் கிடையாது. ஒவ்வொரு அடுக்கையும் மேலடுக்கோடு பிடித்து வைத்திருப்பது பசை மட்டும்தான். முகவாய் தரையிலிருந்து நாலடி உயரத்தில் வரும். குழந்தைகள் எம்பிப் பிடிக்கிற உயரம் அது.

3. ரோஸ் நிறப் பட்டன்

வட்டமாக, பட்டன் அளவில் ஒரு சின்ன பிரிக் உண்டு. பாப்பாவின் உதட்டு ஓரத்துக்கு அதில் ரோஸ் நிறம் வைத்தோம். வேலை செய்யும்போது இரண்டு மூன்றைச் சுடிதார் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். கூடாது என்று சார் பலமுறை சொல்லியிருக்கிறார். எல்லாரும் செய்தோம்.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு இருபத்துமூன்றாம் அடுக்கை டிரை போட்டு முடித்தோம். போட்டோ எடுத்தோம். அக்கா ரோஸ் டப்பாவை எடுத்துவரப் போனார். நான் பசை பாட்டிலைக் கையில் எடுத்தேன். போன் அடித்தது. என் மாமியார்.

"ரேவதி, பதறாத. புள்ள மூக்குல இன்னாத்தையோ போட்டுக்கினா. எவ்ளோ சிந்தியும் வரல. ரத்தம் வருது."

அதற்குப் பிறகு ஷெட்டில் நடந்ததில் ஒன்றே ஒன்று எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. பாட்டில் மூடியைத் திருகி மூடினேன். பசை போட்டு முடித்துவிட்டு மூடினேனா, போடாமலே மூடினேனா? நின்ற இடத்திலேயே பேசினேனா, பேசிக்கொண்டே பசையும் போட்டேனா? அத்தை பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கூப்பிட்டதாகச் சொல்கிறார். அந்தப் பத்து நிமிடம் என் நினைவில் இல்லை.

புத்தூரில் காது மூக்கு டாக்டர் வளைந்த கம்பியால் அதை எடுத்து, ஒரு சின்ன ட்ரேயில் போட்டார். டிங் என்று சத்தம் கேட்டது. ரோஸ் நிறப் பட்டன்.

"இது ஏது?" என்றார் டாக்டர்.

ஹாசினி சொன்னாள். "அம்மா டிரஸ்ல இருந்துச்சி. நான்தான் உள்ள வெச்சேன். வாசனையே வர்ல."

வெளியே வந்ததும் அத்தை சொன்னார். "துவைக்கிறப்போ பாக்கெட்ட பாத்திருக்கணும், என் தப்புதான். நீயும் ஊரான் வூட்டுக்குப் பொம்மை கட்டறதோட, சொந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் பாத்துக்கினா ஆவும்."

திட்டும் இல்லை, சமாதானமும் இல்லை. ஹாசினியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இரண்டு நாள் லீவு போட்டேன்.

4. தட்டிப் பார்த்தேன்

திரும்பி வந்தபோது தலை முப்பத்தோராம் அடுக்கில் இருந்தது. குனிந்து இருபத்துமூன்றைப் பார்த்தேன். மேலும் கீழும் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. விரல் முட்டியால் தட்டினேன். அப்போதே ஒரு நெருடல். ஆனால் பாக்கெட்டில் பிரிக் கொண்டுபோய், பிள்ளை மூக்கில் ஏற்றி, இரண்டு நாள் லீவும் போட்டுவிட்டு, வந்ததும் வராததுமாய் 'எட்டு அடுக்கை உடையுங்கள்' என்று எப்படிச் சொல்வது? பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று அடுத்த தாளை எடுத்தேன்.

நாற்பதாம் அடுக்கில் பிளேட்டை வைத்து மூடினோம். அதற்குப் பிறகு உள்ளே கை போகாது. அன்று மாலை ரயிலில் போனில் இருந்த போட்டோக்களைப் பார்த்தேன். இருபத்துமூன்றுக்கு டிரை போட்டோ இருந்தது. பசை போட்டோ இல்லை. முதலிலிருந்து பார்த்தேன். ஒன்பது, பதினான்கு, பதினாறு ஆகியவற்றுக்கும் பசை போட்டோ இல்லை. அவற்றுக்குப் பசை போட்டது எனக்கு நன்றாகத் தெரியும். போட்டோ எடுக்கத்தான் மறந்திருந்தோம். அப்படியென்றால் இது எதற்கும் ஆதாரம் இல்லை.

மறுநாள் அக்காவிடம் கேட்டேன்.

"நீ போட்ட. நான் பாத்தேன்" என்றார் உடனே.

"எதைப் பாத்தீங்க?"

"பாட்டில் உன் கையில இருந்துச்சி."

"அது எடுத்தப்போவா, போட்டப்போவா?"

"அய்ய, கோர்ட்ல நிக்க வெச்ச மாதிரி கேக்கறியே. பாட்டில் கையில இருந்தா பசை போடாம தலைக்கு எண்ணையா வெச்சிக்கினு இருப்ப? போ, வேலைய பாரு."

அக்கா சொன்னதை நம்ப எனக்கு ஆசைதான். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. பசை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். வெறும் பிடியில் அது நிற்குமா, விழுமா? பிரிக்குக்குப் பிரிக் இருக்கிற இறுக்கத்தைத்தான் நாங்கள் பிடி என்போம். நின்றுவிடும் என்றால் நான் கவலைப்படத் தேவையில்லை.

இருபத்துமூன்றுக்குக் கீழே தொங்கும் பகுதி சுமார் பத்து கிலோ. பிரிக்கின் மேல் புடைத்திருக்கும் குமிழ்கள் அந்த அடுக்கில் எத்தனை பிடிக்கின்றன என்று தாளில் எண்ணி, பத்து கிலோவை அந்த எண்ணால் வகுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு வாரத்தில், ஐந்து அடுக்கில் இரண்டு சின்ன சாம்பிள் கட்டினேன். ஒன்றுக்கு முழுவதும் பசை. இன்னொன்றுக்கு நடு அடுக்கில் மட்டும் பசை இல்லை. கணக்குப்படி அரை பாட்டில் தண்ணீர் தொங்கவிட்டால் போதும். பயத்தில் முழு பாட்டில் கட்டினேன். ஷெட்டின் பின்பக்க ஜன்னல் கம்பியில் இரண்டையும் தொங்கவிட்டேன்.

முதல் நாள் இரண்டும் அசையவில்லை. மறுநாளும் அப்படியே. எனக்கு மூச்சு வந்தது. அக்கா வந்து பார்த்து, "இன்னாமே, திருவிழாவுக்கு தோரணமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை வந்தபோது பசை போட்ட சாம்பிள் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றது தரையில் கிடந்தது. பாட்டில் பிளந்து, தண்ணீர் காய்ந்து, சிமென்ட்டில் வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது.

மே மாத வெயில். ஞாயிறு முழுக்க ஷெட் பூட்டிக் கிடந்ததால் தகரத்தின் சூடு உள்ளேயே இறங்கியிருக்கும். சூட்டில் பிடி தளர்ந்திருக்கிறது. பாப்பா இருக்கப்போவது கடை வாசலில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே.

அன்று தலையின் கடைசி அடுக்குகளை வைத்துக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை லாரி. வெள்ளிக்கிழமை திறப்பு விழா.

5. அறுத்தது

உடைந்த சாம்பிளைக் கையில் எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பட்டன் விஷயம் உட்பட.

அவர் சாம்பிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லோடு எவ்ளோ கட்டின?"

"ஒரு லிட்டர் சார்."

"கணக்குக்கு அரைதானே வரும்? டபுள் கட்டியிருக்கியே. டபுள் கட்டினா எதுதான் விழாது?"

"குழந்தைங்க முகவாயப் புடிச்சித் தொங்கினா சார்?"

அவர் சாம்பிளை மேஜையில் வைத்தார். "பசை போடலன்னு உனக்கு உறுதியா தெரியுமா?"

"தெரியாது சார்."

"போட்டேன்னு?"

"அதுவும் தெரியாது."

தனம் அக்கா பின்னாலேயே வந்திருந்தார். "சார், அவ போட்டா. நான் கண்ணால பாத்தேன். இந்தப் பொண்ணு கேஸ ஆஃப் பண்ணிட்டு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போயி, ஆஃப் பண்ணமான்னு திரும்பி வூட்டுக்கு ஓடற ஆளு. இவ பேச்ச கேட்டு அறுக்காதீங்க. நாலு நாள் வேலை போய்டும்."

அக்கா சொன்னது பொய்யில்லை. நான் அப்படி ஓடியிருக்கிறேன். அதனால்தான் எனக்கும் குழப்பம். இது நிஜமான சந்தேகமா, என் சுபாவமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. அதைவிட, முகம் தெரியாத ஏதோ ஒரு குழந்தை அண்ணாந்து பார்த்து நிற்பது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது.

கீழே இருந்து துளை போட்டுக் கம்பி செருகலாமா என்று சார் தாள்களைப் பரப்பிப் பார்த்தார். துளை வரும் இடத்தில் உள்ளே கம்பி பிடிக்கச் சட்டம் இல்லை, காலி. தாள்களை மடித்து வைத்தார்.

"சரே. அறுங்க."

தலையை நான்கு பேர் தூக்கி ஸ்பாஞ்சின் மேல் கவிழ்த்தோம். அதிரும் பிளேடு மெஷினால் இருபத்துமூன்றாம் அடுக்கில் சுற்றி அறுத்தார்கள். கருகிய பிளாஸ்டிக் வாசனை ஷெட் முழுக்க. முகவாய் தனியாக வந்தது. அறுபட்ட பரப்பின் மேல் நான் போன் டார்ச்சை அடித்துக் குனிந்தேன்.

எதுவும் தெரியவில்லை. பிளேடின் சூட்டில் பிளாஸ்டிக் உருகி இழுபட்டு, அந்த அடுக்கே கூழாகப் போயிருந்தது. ஓரிடத்தில் பளபளப்பாக இருந்தது. பசையாக இருக்கலாம், உருகியதாகவும் இருக்கலாம். இன்னோரிடத்தில் ஒரு பிரிக் சுத்தமாகப் பெயர்ந்து வந்தது. பசை இல்லாமல் இருந்திருக்கலாம், அதிர்வில் பெயர்ந்திருக்கலாம்.

"பாத்தியா, பசை கீது" என்றார் அக்கா பளபளத்த இடத்தைக் காட்டி.

"இதென்னா அப்ப?" என்றார் சார் பெயர்ந்த பிரிக்கைக் காட்டி.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

6. தலையில்லாத மூன்று நாள்

புது முகவாயைக் கவிழ்ந்த தலையின் மேல் தலைகீழாகத்தான் கட்டவேண்டியிருந்தது. தாளும் தலைகீழ், இடம் வலமும் மாறும். முதல் இரண்டு அடுக்கில் உதட்டின் வலது ஓரத்தை இடது பக்கம் வைத்துவிட்டோம். டிரையில் பார்த்ததால் தப்பித்தோம். பசை விட்ட ஒவ்வொரு முறையும் அக்கா சத்தமாகச் சொன்னார். "ரேவதி பசை போடறா, எல்லாரும் பாத்துக்கங்க." ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது உண்மையிலேயே பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை உடம்பு மட்டும் லாரியில் போனது. நானும் பொருத்துகிறவர்களோடு சித்தூருக்குப் போனேன். கடை மேனேஜர் கழுத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாயைப் பார்த்துவிட்டு, "தல ஏதம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். தலை எங்கே என்று அவர் கேட்டது எல்லாருக்கும் புரிந்தது. மோகன் சார் போனில் அவரிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. உடம்பின் மேல் ஒரு பட்டுத்துணியைப் போர்த்தி, அதன் மேல் பூமாலை போட்டுத் திறப்பு விழா நடந்தது. வந்தவர்கள் அதைச் சுற்றி நின்று பந்தயம் கட்டினார்கள். "ஆமைடா." "இல்ல, ரெண்டு கால் முன்னாடி கீது, நந்தி." ஒரு அம்மா தொட்டுக் கும்பிட்டே விட்டார்.

திங்கட்கிழமை தலையை ஏற்றினோம். துணியை எடுத்தபோது கூட்டம் ஒன்றும் இல்லை. செக்யூரிட்டியும், புடவை வாங்க வந்த ஒரு குடும்பமும்தான். அந்த வீட்டுப் பையன் ஓடிவந்து, முதல் வேலையாக முகவாயை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். காலை மடக்கி ஆடினான். முகவாய் அசையவில்லை.

ஒரு மாதம் கழித்து ஹாசினியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் கீழே போய் நின்று அண்ணாந்து, இரண்டு மூக்குத் துவாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உள்ள ஒண்ணும் இல்லம்மா" என்றாள்.

7. கற்றது

தலையைப் பொருத்திவிட்டுச் சித்தூரிலிருந்து திரும்பி வந்த அன்று சார் என்னைக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"நீ வந்து சொன்னது தப்பில்ல. எப்ப வந்து சொன்ன பாரு, அதுதான் தப்பு. முப்பத்தொண்ணுல சொல்லியிருந்தா எட்டு அடுக்கு. அரை நாள். நீ தொண்ணூறு வரைக்கும் மேல ஏத்திட்டு வந்து சொல்ற."

"உறுதியா தெரிஞ்சிக்கினு சொல்லலாம்னு இருந்தேன் சார்."

"இன்னிக்காவது உறுதியா தெரிஞ்சுதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

நான் கற்றது அதுதான். மேலே மேலே மூடிக்கொண்டு போகிற வேலையில், உறுதியாகத் தெரியட்டும் என்று காத்திருந்தால் உறுதி வராது, அடுக்குதான் ஏறும். தெரியாது என்பதையே உடனே போய்ச் சொல்லவேண்டும். வெட்கமாக இருக்கும்போதுதான் இன்னும் சீக்கிரமாகப் போய்ச் சொல்லவேண்டும். பாக்கெட்டில் பிரிக் போடுவதை அன்றே விட்டேன். ஷெட்டில் இப்போது எல்லாரும் பாக்கெட் இல்லாத ஏப்ரன்தான் போடுகிறோம்.

அதற்குப் பிறகு சார் ஒரு தாள் கொண்டுவந்தார். அடுக்கு எண், பசை போட்டதற்கு ஒரு டிக், பக்கத்தில் கையெழுத்து. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எனக்கே கொடுத்தார். "ஆனா ஒண்ணும்மா. வருஷத்துக்கு ஒரு தலை அறுக்கலாம். வாரத்துக்கு ஒண்ணு அறுத்தா, நாம கசாப்புக்கடை வெச்சிடலாம்."

தாள் வந்ததும் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். இப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்காகப் பெரிய கிளி ஒன்று கட்டுகிறோம். போன வாரம் நாற்பதாம் அடுக்கு முடிந்து தாளைப் பார்த்தேன். டிக் இருந்தது. என் கையெழுத்தும் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை, எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி வந்து நின்றது. இந்த டிக்கைப் பசை போட்டுவிட்டுப் போட்டேனா, போடப்போகிறேன் என்று போட்டேனா?

இந்த முறை உடனே போய்ச் சொன்னேன். அந்த ஒரு அடுக்கை உளியால் தட்டி உடைத்து எடுத்தார்கள். பசை போட்டுத்தான் இருந்தது. பதினைந்து நிமிட வேலை வீண். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

பிறகு அவரிடம் விசாரித்தேன். அவர் முதலில் டிக் போட்டுவிட்டுத்தான் பாட்டிலை எடுப்பாராம். "கையில பசையோட பேனா புடிக்க முடியுமா? அப்பால மறந்துடும்." நான் பசை போட்டு முடித்துக் கையைத் துடைத்துவிட்டுத்தான் டிக் போடுவேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் டிக் போட்டால், நடுவில் யாராவது கூப்பிட்டால் தாள் பொய் சொல்லும். கடைசியில் போட்டால், வேலை முடிந்திருந்தும் தாள் காலியாக இருக்கும். நல்ல அடுக்கை உடைப்போம். வீட்டிலும் இதே கதைதான். ஹாசினிக்குக் காய்ச்சல் என்றால், மருந்து கொடுத்த நேரத்தைக் காலண்டரில் எழுதுகிறோம். நான் கொடுத்த பிறகு எழுதுகிறேன், அத்தை எழுதிவிட்டுப் பாட்டிலைத் திறக்கிறார்.

இதைப் படிக்கிறவர்களில் வார்டில் மருந்து கொடுக்கும் நர்ஸ் இருப்பீர்கள், கரன்ட் கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் இருப்பீர்கள், பஸ் டிப்போவில் சக்கர நட்டு முடுக்குகிறவர் இருப்பீர்கள், சத்துணவுக்கு உப்பு போடுகிற ஆயாம்மா இருப்பீர்கள். நீங்கள் எல்லாரும், செய்தோமா இல்லையா என்று பிறகு பார்த்தால் தெரியாதபடி மூடிப்போகிற வேலையைத்தான் செய்கிறீர்கள். உங்கள் இடத்தில் முதலில் டிக்கா, முதலில் வேலையா? நடுவில் யாராவது கூப்பிட்டால் என்ன செய்கிறீர்கள்? வந்த சந்தேகத்தில் எதற்கு அறுக்கவேண்டும், எதை விட்டுவிடவேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். கிளிக்கு இன்னும் எண்பது அடுக்கு இருக்கிறது. நாங்கள் மெதுவாகத்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம்.